முதலில் கடிதம், அப்புறம் பணம்

சென்னையில் ஒரு தனியார் வங்கியின் கிரெடிட் கார்டு வசூல் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். தவணை தவறியவர்களிடம் பேசுவதுதான் வேலை. அந்த ஆறு வருடத்தில் என்னை அதிகம் கோபப்படுத்தியவர்கள் கடன்காரர்கள் இல்லை, "உங்க கடனைப் பாதியாக்கித் தர்றோம்" என்று நடுவில் வந்தவர்கள்தான்.

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரை மறக்கவே முடியாது. நிலுவை 1,80,000 ரூபாய். ஐந்து மாதம் எங்கள் அழைப்பு எதையும் எடுக்கவில்லை, ஆறாவது மாதம் நேரில் வந்து, "அதான் அந்த ஆபீஸ்ல கட்டிட்டேனே சார், இன்னும் ஏன் வீட்டுக்கு ஆள் அனுப்புறீங்க?" என்று கேட்டார். கடனைக் குறைத்துத் தருவதாகச் சொன்ன ஓர் இடைத்தரகர் ஆபீஸ் அது. 22,000 ரூபாய் கட்டணமாக வாங்கிக்கொண்டு, பேங்க்ல இருந்து கூப்பிட்டா பேசாதீங்க, நம்பரை மாத்திடுங்க, நாங்க பாத்துக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு அவர்களிடமிருந்து வந்தது ஒரே ஒரு மின்னஞ்சல். இங்கேயோ மாதம் 3.5 சதவீத வட்டி 6,300 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,134 ரூபாய், தாமதக் கட்டணம் தனி என்று கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. அவர் பேசாமல் இருந்த ஒவ்வொரு மாதமும் அவருக்குத்தான் நஷ்டம்.

இதை நான் உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், செட்டில்மெண்டுக்கு, அதாவது நிலுவையைக் குறைத்துப் பேசி முடிப்பதற்கு, இடைத்தரகர் தேவையே இல்லை. மாதாமாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையான மினிமம் டியூவைக் கட்டாமல் 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்குப் பிறகு குறைத்து முடிக்க வங்கிக்கே மனம் வரும், நிதியாண்டு முடிகிற மார்ச் மாதக் கடைசியில் இன்னும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். கடனைத் தள்ளுபடி செய்து சான்றிதழ் தருகிறோம் என்று கட்டணம் வாங்குபவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் எச்சரித்தது. நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் சிபில் பதிவைச் சுத்தமாக்கித் தருகிறேன் என்பதும் பொய்தான். குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்றுதான் பதிவாகும், முழுதாகக் கட்டி முடித்த 'குளோஸ்டு' வேறு. அடுத்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்த ஒரு வார்த்தை உறுத்தும். இதை முதலிலேயே எடுத்துச் சொல்கிறவரைத்தான் நான் நம்புவேன்.

சரி, வங்கி ஆட்கள் சொன்னால் அப்படியே நம்பலாமா என்றால், அதுவும் கூடாது. ஒரு நர்ஸ் அம்மா, வங்கிக்காக நேரில் போய் வசூலிக்கும் ஃபீல்டு ஏஜென்ட் ஒருவர் வாட்ஸப்பில் "40,000 கட்டுங்க மேடம், முடிச்சிடலாம்" என்று சொன்னதை நம்பிக் கட்டிவிட்டார். செட்டில்மெண்ட் கடிதம் போகவே இல்லை. சிஸ்டம் அதைச் சாதாரணப் பகுதித் தொகையாக எடுத்துக்கொண்டு மீதிக்கு வட்டி போட ஆரம்பித்தது. அந்த வாட்ஸப் செய்தியை வைத்துக்கொண்டு மேலதிகாரிகளிடம் நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டி அதைச் சரிசெய்தேன். எல்லோருக்கும் அப்படி அமையாது.

அதனால் கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்வது, வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து கடிதம் வரட்டும், அதில் கார்டின் கடைசி நான்கு எண், தொகை, கடைசித் தேதி, இது முழுமையான இறுதித் தீர்வு என்ற வரி, எல்லாம் இருக்கிறதா பாருங்கள். பணத்தைக் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள், எவருடைய தனிப்பட்ட யுபிஐக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தேதி ஒருநாள் தவறினாலும் சலுகை போய்விடலாம், அதனால் முடியாத தவணைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ கூப்பிட்டு "இன்னைக்கே கட்டணும்" என்று மிரட்டினால் அது விதிமீறல், வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

பட்டறைக்காரருக்கு 1,10,000 ரூபாய்க்கு மூன்று தவணையில் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு தவணையையும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கட்டினார். நிலுவை இல்லை என்ற சான்று கைக்கு வந்த அன்று போன் செய்தார். முதலில் கொடுத்த 22,000 என்ன ஆனது என்று கேட்டேன். போய்ப் பார்த்தாராம், அந்த ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது ஒரு டியூஷன் சென்டர் நடக்கிறதாம்.