கொம்பு எங்கே நிற்கிறது?

திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன டிடிபி அலுவலகத்தில் புத்தகப் பக்கங்கள் அமைப்பது என் வேலை. 2013 வாக்கில் முதலாளி கூப்பிட்டு, "பேஜ்மேக்கரை விட்டுரலாம்ப்பா, எதுக்கு மாறலாம்னு பார்த்துச் சொல்லு" என்றார்.

பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில்தான் நாங்கள் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தோம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. நாங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் ஓட்டிக்கொண்டிருந்தோம். பாமினியில் திரையில் தெரியும் 'அம்மா', உள்ளே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். 2010இல் தமிழக அரசே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. எழுத்தாளர்களும் யூனிகோடில்தான் கோப்பு அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் பாமினிக்கு மாற்றியே எங்கள் பாதி நாள் போகும்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். மென்பொருள் பெயர், விலை, எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் பரிந்துரைத்தார்கள். இரண்டு வாரம் இதே வேலை. பாராட்டுகள் நிறைய இருந்தன, பொய்யும் இல்லை. ஆனால் 'கெ' சரியாக வருமா என்று ஒருவரும் சொல்லவில்லை. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அப்புறம் கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. ஆங்கிலத்தில் பக்கம் அமைப்பவருக்கு இந்தக் கேள்வியே வராது. அவர் நட்சத்திரம் கொடுத்தது அவர் வேலைக்கு.

இது புரிவதற்குள் ஒரு அடி பட்டேன். யூனிகோடைப் பாமினிக்கு மாற்றித் தரும் ஓர் இணையச் சேவைக்கு நல்ல மதிப்பெண் இருந்தது. அதை நம்பி ஒரு மருத்துவ நூலை முழுதாக மாற்றினேன். மெய்ப்புப் பார்க்கும் அக்கா மறுநாள் காலையில் தாளோடு வந்து நின்றார். "தம்பி, இந்த மாத்திரை பேரைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு." படிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் இருந்த பெயர்களுக்கும் பாமினி எழுத்துரு ஏறி, அத்தனையும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகியிருந்தன. மருந்தின் பெயர் தப்பாக அச்சாகியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. மூன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம்.

அதற்கப்புறம் ஒரு சோதனைப் பக்கம் தயார்செய்தேன். கெ, கே, கை, கொ, கோ, கௌ. ஸ்ரீ, க்ஷ. வரி முடிவில் உடைய வேண்டிய ஒரு நீளமான சொல். நடுவில் ஓர் ஆங்கில மருந்துப் பெயர். எந்த மென்பொருள் வந்தாலும் முதலில் இதைத்தான் ஒட்டிப் பார்ப்பேன். பக்கம் அமைக்கும் இன்னொரு மென்பொருளான இன்டிசைன் சிஎஸ்6இல் ஒட்டியதும் கொம்பெல்லாம் பின்னால் போய் நின்றது. நோட்டில் அதை அடித்தேவிட்டேன்.

எதிர் மாடியில் அதே இன்டிசைனில் வேலை செய்யும் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "கம்போசரை மாத்துப்பா, வேர்ல்ட் ரெடின்னு ஒண்ணு இருக்கு" என்றார். எழுத்துகளை வரிகளில் அடுக்கித் தரும் அமைப்புக்குத்தான் அதில் கம்போசர் என்று பெயர். மாற்றினேன். கொம்பு முன்னால் வந்து நின்றது. எத்தனையோ பேர் எழுதிய பரிந்துரைகளில் கிடைக்காதது அந்த ஒரு வரியில் கிடைத்தது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். ராத்திரி பத்து மணிக்கு வேலை சிக்கிக்கொண்டால் படியேறிப் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும். இன்டிசைன் வாங்கியதற்கு அதுவே பெரிய காரணம்.

இலவசம் என்று பலர் சொன்ன ஸ்க்ரைபஸ் அன்றைக்குத் தமிழுக்குத் தயாராக இல்லை. 2017இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் இந்த மாதிரி எழுத்துகளைக் கோக்கும் வசதி சேர்ந்தது. 2024 ஜனவரியில் 1.6 வந்ததும் அதிலும் சோதனைப் பக்கத்தை ஒட்டிப் பார்த்தேன்.

அந்தப் பக்கம் இப்போது கொஞ்சம் நீண்டிருக்கிறது. எதிர் மாடி அண்ணன் ஒரு நகல் வாங்கிப் போய், அழைப்பிதழ் அடிக்கத் தேவைப்படும் ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்களைச் சேர்த்துத் திருப்பித் தந்தார். கடைசி வரியில் அக்கா தன் கையாலேயே அந்த மாத்திரையின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.