அணைக்குப் போட்ட பாதையில் ஒரு சாப்பாட்டுக்கடை

பொதுப்பணித்துறையில், கன்னியாகுமரி மாவட்டத்துக் கோதையாறு பாசனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் கண் தண்ணீரைத்தான் தேடும். மகள் வீடு அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பக்கத்திலுள்ள சாண்ட்லரில் இருக்கிறது. போய் இறங்கிய நாள் முதல், இந்தப் பாலைவனத்தில் இவ்வளவு சனமும் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று மருமகனைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "மாமா, ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலுக்குப் போவோம். நீங்க கேக்கதுக்குப் பதிலும் அந்த வழியிலதான் இருக்கு" என்றார்.

அந்த இடத்தின் பெயர் டார்ட்டில்லா ஃபிளாட். அப்பாச்சி ஜங்ஷன் என்ற ஊரைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் போல மலைப்பாதையில் போக வேண்டும். மார்ச் மாதம், வெயில் இதமாக இருந்தது. பாலைவனம் என்றால் வெறும் மணல் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே பாறைச் சரிவு முழுக்க மஞ்சள் பூ. நடுவே சாகுவாரோ கள்ளிகள், இரண்டு மூன்று ஆள் உயரத்துக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு வளைவு திரும்பியதும் பாறைகளுக்கிடையில் நீலமாகத் தண்ணீர். கேன்யன் ஏரி. சால்ட் ஆற்றை மறித்து 1925-இல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி அது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் நின்றேன். பேரனுக்குப் பசி, அதனால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

டார்ட்டில்லா ஃபிளாட் என்பது சாலையோரத்தில் வரிசையாக நிற்கும் சில மரக்கட்டிடங்கள், அவ்வளவுதான். முன்னால் பலகை பாவிய நடைபாதை. மக்கள்தொகை 6 என்று போர்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

பார் பக்கத்தில் ஸ்டூலுக்குப் பதிலாகக் குதிரைச் சேணம். மரத்தூணின் மேல் நிஜத் தோல் சேணத்தையே பொருத்தியிருக்கிறார்கள். ஒன்றைத் தடவிப் பார்த்தேன். உட்காரும் இடம் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. முன்னால் பிடித்துக்கொள்ளும் கொம்பில் தோல் உரிந்து உள்ளிருக்கும் பொருள் தெரிந்தது. ஓரத்துத் தையல் மட்டும் ஒரு இடத்திலும் விடவில்லை. பேரன் ஏறி உட்கார்ந்தவன் இறங்கவே மாட்டேன் என்றான். "பாட்டா, நீங்களும் ஏறுங்க" என்றான், ஏறினேன். என் மனைவி சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள். நன்றாக வந்திருக்கிறது அந்தப் படம்.

சுவரெல்லாம், கூரை வரைக்கும், டாலர் நோட்டு. வருகிறவர்கள் பெயரும் ஊரும் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். "ரூவாய லெச்சுமிம்போம். இங்க என்னன்னா சொவத்துல அடிச்சு வச்சிருக்கானுவ" என்று மனைவிக்கு வருத்தம். அந்தக் காலத்தில் கையில் காசு இருக்கும்போது ஒரு நோட்டை ஒட்டி வைத்தால், அடுத்த முறை வெறுங்கையோடு வந்தாலும் குடிக்க ஏதாவது கிடைக்கும் என்பதற்காகத் தொடங்கிய பழக்கம் என்று அங்கே சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு அவள் சமாதானமானாள். 1987-இல் தீப்பிடித்துச் சாப்பாட்டுக்கடை எரிந்துபோனது. நாங்கள் பார்த்தது திரும்பக் கட்டியது. இந்த நோட்டுகள் எல்லாம் அதற்குப் பிறகு ஒட்டியவை.

நான் சில்லி வாங்கினேன். பீன்ஸும் மாட்டிறைச்சியும் மிளகாயும் போட்டுக் குறுக வேகவைத்தது, ஆழக் கிண்ணத்தில் வந்தது. நம் காரம் இல்லை. ஆனால் சீரகம் தூக்கலாக இருந்தது, அந்த மணம் வந்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பயறு நன்றாக வெந்து, உருவம் குலையாமல், நசுக்கினால் மாவாகிறது. மனைவிக்கு மாடு ஆகாது, கோழி வைத்த சாண்ட்விச் சாப்பிட்டாள். மூலையில் ஒருவர் கிட்டார் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். தட்டைத் தட்டித் தாளம் போட்ட பேரனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மருமகன் கதையைச் சொன்னார். இந்தப் பாதையே அணைக்காகப் போட்டதாம். மேலே சால்ட் ஆற்றின் குறுக்கே ரூஸ்வெல்ட் அணை கட்ட, மேசா என்ற ஊரிலிருந்து அறுபது மைல் சாமான் போக வேண்டும். அதற்காக மலையைக் குடைந்து பாதை வெட்டினார்கள். வெட்டியவர்களில் பலர் அப்பாச்சிப் பழங்குடி ஆட்கள். கோவேறு கழுதை பூட்டிய சரக்கு வண்டிகளும் பயணிகள் வண்டிகளும் நின்று இளைப்பாற 1904-இல் உண்டான தாவளம்தான் டார்ட்டில்லா ஃபிளாட். அன்றைக்குக் கட்டிய ரூஸ்வெல்ட் அணை 280 அடி உயரக் கல் அணை. ஃபீனிக்ஸ் பள்ளத்தாக்கு ஊராக நிலைத்ததே அந்தத் தண்ணீரால்தான்.

முதல் கல் எப்போது வைத்தார்கள் என்று கேட்டேன். செல்போனில் பார்த்து, "1906 செப்டம்பர்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த வருஷம் அது! திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மிஞ்சின் என்ற இன்ஜினியர் துரை மேற்பார்வையில், கோதையாற்றை மறித்து இங்கே வேலை முடிகிறது. அதே வருஷம் உலகத்தின் மறுபக்கத்தில் அங்கே வேலை தொடங்குகிறது. 1911-இல் அந்த ரூஸ்வெல்ட் அணையைத் திறந்துவைக்க, முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே வந்தார். நான் வேலை பார்த்த காலமெல்லாம் தோவாளை சானலில் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று ஓடித்திரிந்தவன். அங்கே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது, நானும் அந்த வேலைக்காரர்களின் வரிசையில் ஒருவன் என்று தோன்றியது.

பக்கத்துக் கடையில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் செய்த ஐஸ்கிரீம். நல்ல ரோஜாச் சிவப்பு. ஒரு வாய் வைத்ததும் மனைவி ஆரல்வாய்மொழிக்குப் போய்விட்டாள். அவள் பிறந்த ஊர் அது. சின்ன வயசில் கள்ளிப்பழத்தை மண்ணில் உருட்டித் தேய்த்து முள்ளை எடுப்பதையும், பிளந்து உள்முள்ளைக் கவனமாக நீக்குவதையும் பேரனுக்குக் கையால் செய்தே காட்டினாள். "நாக்கெல்லாம் செவந்து போவும் மக்ளே" என்றாள். கோப்பையைக் காலி செய்தபின் அவன் நாக்கை நீட்டிக் காட்டினான்.

அங்கிருந்து மேலே போய் அணையையும் பார்த்துவிடலாம் என்றேன். 2019-இல் காட்டுத்தீயும் அதன்பின் பெய்த மழையும் மேலே மண்பாதையைக் கெடுத்துவிட்டன, நம் கார் அதில் போகாது என்று மருமகன் சொல்லிவிட்டார். வேறு ஒரு நாள் குளோப் என்ற ஊர் வழியாகச் சுற்றிப் போய்த்தான் பார்த்தோம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

குலசேகரம் திரும்பிய பிறகு பேச்சிப்பாறைக்குப் போய்வந்தேன். அணைக்கருகில் மிஞ்சினின் கல்லறை இருக்கிறது, அது வேண்டியதுதான். ஆனால் கல் சுமந்தவர்களை, காட்டை வெட்டியவர்களை நினைக்க ஒன்றும் என் கண்ணில் படவில்லை. என் அப்பாவின் பாட்டா அந்த வேலைக்குப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெயர் தெரியும், வேறு எதுவும் எங்களிடம் இல்லை. டார்ட்டில்லா ஃபிளாட்டில் ஒரு சின்ன மியூசியமும் உண்டு. வண்டிக்காரர்கள் இளைப்பாறிய இடம் இன்றைக்கும் வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறது, அந்தப் பாதையின் கதையையும் சொல்லி அனுப்புகிறது. பேச்சிப்பாறையிலும் அப்படி ஒன்று வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைக்கிற ஒரு கடை, அதன் சுவரில் அணை கட்டியவர்களின் படங்கள், பெயர்கள்.

கடை வைக்கிற வசதி எனக்கில்லை. படங்களைத் திரட்ட என்னால் முடியும். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் யார் வீட்டிலாவது அணை வேலைக்குப் போன முன்னோரின் படமோ, பழைய கடிதமோ, கூலிச் சீட்டோ இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து, அங்கேயே பிரதி எடுத்துக்கொண்டு, உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுகிறேன்.