விறகடுப்பு பீட்சாக் கடையில் அப்பா

ஜூலை 5, 2025, சனி

நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற வழியில், வேளிமலை தெரிகிற இடத்தில் ஒரு விறகடுப்பு பீட்சாக் கடை. ஓடு போட்ட திறந்த கூடம், பத்துப் பன்னிரண்டு மேசை, ஒரு ஓரமாகக் களிமண் பூசிய வட்டக் கூரை அடுப்பு. மகளின் வகுப்பில் பாதிப் பேர் போய் வந்துவிட்டார்களாம். மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

முதல் தடவை நன்றாக இல்லை. நல்ல மழை. உட்கார்ந்து ஐம்பது நிமிடம் கழித்துத்தான் பீட்சா வந்தது. ஓரம் வெளிறிக் கிடந்தது, நடுவில் மாவு சரியாக வேகவில்லை. துண்டை எடுத்தால் முனை தொங்கி, சீஸ் முழுக்கத் தட்டில் சரிந்தது. நனைந்த விறகு புகையும்போது கண் எரியுமே, அந்த வாசனைதான் கூடம் முழுக்க. மகள் ஒன்றும் சொல்லாமல் தின்றாள். எனக்குத்தான் மனசு கஷ்டமாக இருந்தது.

அப்பா பீட்சாவைவிட அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தக்கலையில் ஒரு பேக்கரியில் முப்பத்தொரு வருடம் போர்மாவில், அதாவது ரொட்டி சுடும் செங்கல் அடுப்பில், வேலை பார்த்தவர். "வெறகு நனஞ்சிருக்கு மக்கா. உள்ள சூடு ஏறல்ல" என்று மட்டும் சொன்னார்.

பணம் கொடுக்கும்போது பரிமாறிய பெண்ணிடம் குறையைச் சொன்னேன். அவள் முகம் வாடியது, ஆனால் மறுத்துப் பேசவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒரு பீட்சாவுக்கான காசைக் கழித்துக்கொண்டாள். குறை சொன்னால் சண்டைக்கு வருகிற கடைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனாலேயே இன்னொரு தடவை போகலாம் என்று தோன்றுகிறது.

ஜூலை 6, ஞாயிறு

காலைச் சாயாவோடு அப்பா போர்மா கதையை ஆரம்பித்தார். சின்ன வயதில் அவர் சட்டையில் ரொட்டி வாசனை பிடித்துத் தூங்கியவள் நான். ஆனால் அந்த வேலை எப்படி நடந்தது என்று இதுவரை கேட்டதே இல்லை.

இரவில் போர்மாவுக்குள்ளேயே விறகை அடுக்கித் தீ வைப்பார்கள். செங்கல் சூட்டைக் குடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அப்புறம் கனலை முழுக்க வெளியே வாரிவிட்டு, கம்பில் கட்டிய ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, கதவைச் சாத்திச் சூட்டைக் கொஞ்சம் அடங்க விடுவார்கள். ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் எறிந்து பார்ப்பாராம். உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாகச் சிவந்தால் ரொட்டியை ஏற்றலாம். ரொட்டி இறங்கியதும் பன், சூடு இன்னும் இறங்கிய பிறகு ரஸ்க். ஒரு தடவை மூட்டிய தீயில் இவ்வளவும் வெந்துவிடும்.

"ரொட்டிக்குத் தீ வேண்டாம். தீ போன பொறவு நிக்க சூடு போரும்" என்றார். நேற்றுக் கடையில் தீயை உள்ளேயே வைத்துக்கொண்டு சுட்டது அவருக்கு விளங்கவில்லை. அதைக் கேட்கவாவது மறுபடி போக வேண்டும் என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

போனோம். மழை இல்லை, மலைப் பக்கமிருந்து காற்று மட்டும். சீக்கிரம் போனதால் கூட்டமும் இல்லை. அப்பா நேராக அடுப்பருகே போய் நின்றுவிட்டார். அங்கே நின்ற பையன் குலசேகரத்துக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும்.

"கனல வாரமாட்டியளா?"

"வாரமாட்டோம் பாட்டா. ஒரு பக்கமா ஒதுக்கி வச்சு எரிய விடுவோம். தளம் அடிமாவ வேக வைக்கும், தீ கூரையில தவழ்ந்து மேல உள்ளத வேக வைக்கும்."

வட்டக் கூரையின் உள்பக்கத்தைக் காட்டினான். தீ மூட்டும்போது கரி படிந்து கறுப்பாகும், சூடு ஏற ஏற அந்தக் கரி எரிந்து கூரை வெளுத்துவிடும். வெளுத்த பிறகுதான் பீட்சாவை உள்ளே விட வேண்டும் என்றான். சூடு பார்க்கும் கருவியைத் தளத்தில் பிடித்தான். 440 டிகிரி. அப்பா வாயடைத்துப் போனார். ரொட்டிக்கு அதில் பாதி போதும். இந்தச் சூட்டில் பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடுகிறது. இத்தாலியின் நேபிள்ஸ் நகரத்தில் காலம் காலமாக இப்படித்தான் செய்கிறார்கள், அந்தக் கைவேலையை 2017-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வீட்டு ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். நான் வீட்டில் சுட்ட பீட்சா எல்லாம் ஏன் வறட்டு ரொட்டியாக வந்தது என்று இன்றுதான் புரிந்தது.

போன வாரத்துக் குறையை அப்பாவே எடுத்தார். பையன் ஒத்துக்கொண்டான். அவன் ஊரில் ரப்பர் விறகு சுலபமாகக் கிடைக்கும், மழையில் அது காய்வதே இல்லையாம். அப்பா சொன்னது இதுதான்: கடை அடைத்ததும் மறுநாள் விறகை அடுப்புக்குள் அடுக்கிவிடு, நின்றுபோன சூட்டிலேயே காய்ந்துவிடும். போர்மாவில் அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். "கனல் கெடக்கான்னு பாத்துட்டு வையி" என்று இரண்டு தடவை சொன்னார்.

இன்றைய பீட்சா வேறு! ஓரம் பந்து போல உப்பி, அங்கங்கே கரும்புள்ளி. கடித்தால் மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. மாவை ஒரு நாள் முழுக்கப் புளிக்க வைக்கிறார்களாம், அந்த இலேசான புளிப்பு நாக்கில் தெரிந்தது. தக்காளி, சீஸ், திருநீற்றுப்பச்சிலை போல மணக்கும் அந்த இலை, அவ்வளவுதான்.

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், கரிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அந்தப் புள்ளிதான் சூடு சரியாக இருந்ததற்கு அடையாளம் என்று சொல்ல நினைத்தேன், முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது. பரிமாறும் பெண் பொறுமையாக விளக்கினாள். அவர் ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு மீதியையும் வைத்துக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

பார்சல் வாங்கினேன். தப்பு. கோட்டாறு வருவதற்குள் அட்டைப்பெட்டிக்குள் ஆவி பிடித்து, மாவு ரப்பராக இழுத்தது. மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாலே சீஸ் இறுகிவிடுகிறது, இதில் அரை மணி நேரம் வேறு. இனி அங்கேயே உட்கார்ந்து, வந்த சூட்டில் தின்பது மட்டும்தான்.

ஆகஸ்ட் 2, சனி

மேற்குக் கரையில் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியாயிற்று. கடையில் இன்று நெத்திலி பீட்சா. இத்தாலியர்கள் நெத்திலி இனத்து மீனை உப்பில் ஊறவைத்துப் பீட்சாவில் போடுவார்கள். இங்கே குளச்சல் நெத்திலியைத் தலை கிள்ளி, நல்லமிளகும் பூண்டும் புரட்டி, பச்சையாகவே மேலே பரப்புகிறார்கள். அந்தச் சூட்டில் ஒன்றரை நிமிடம் அதற்குப் போதும். வெளியே எடுத்ததும் எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். சீஸ் வேண்டாம் என்று சொல்லி வாங்கினேன், மீனோடு அது எனக்கு ஒட்டாது. மகளுக்கு மட்டும் சீஸ் வேண்டும்.

அப்பா மூன்று துண்டு தின்றார். வீட்டில் இரவு இரண்டு தோசைக்கு மேல் தொடாதவர். கை கழுவியதும் அடுப்பருகே போனார். மழை தூறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் புகை இல்லை. அடுப்பு வாசலுக்குப் பக்கத்தில் விறகு வெளுத்து, காய்ந்து, அடுக்கி இருந்தது. பையன் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினான். கணீரென்று சத்தம்.

"இப்பம் செரி" என்றார் அப்பா. ஒரு பீட்சாவை அவரே உள்ளே தள்ளட்டும் என்று பையன் நீளக் காம்புப் பலகையை நீட்டினான். அப்பா ஒரே வீச்சில் தள்ளிப் பலகையை உருவிவிட்டார், மாவு கலையவே இல்லை. கை மறக்கவில்லை. யாருடைய பீட்சாவோ அது, மூன்றாம் மேசைக்குப் போனது. அங்கே இருந்த குழந்தை ஓரத்தை முதலில் பிய்த்துத் தின்றது. அப்பா அங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் அண்ணனும் மைனியும் வருகிறார்கள். ஆறரைக்கே போய்விட வேண்டும், ஏழு மணிக்கு மேல் அடுப்புப் பக்கத்து மேசை கிடைக்காது.