நகரி மூக்குக்கு ரயிலில் கிடைத்த வழி

சென்னையில் மலையேறக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நாகலாபுரம் பக்கம் போய்க் குளித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதற்கு மேற்கே, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் நிற்கும் நகரி மூக்கு என்ற மலையை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் காசிமேட்டில் பழைய மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள், தெரியும். மழை விட்ட மறுநாள் கடலில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் மேற்கே சற்று வடக்குத் தள்ளி அந்த மூக்கு துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்தில் மெட்ராஸுக்கு வந்த கப்பல்காரர்களுக்கும் இதுதான் அடையாளம். துறைமுகத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், உயரம் 2,500 அடிக்கு மேல்.

சரி, எப்படி ஏறுவது? அடிவாரத்துச் சரிவில் பிரச்சினை இல்லை, எல்லாம் கருங்கல் பாறை, முள், புதர். தலைதான் சிக்கல். மேலே குவார்ட்சைட் என்ற கெட்டியான பாறை தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, அது உடைந்தால் செங்குத்தாகத்தான் உடையும், அதனால் சுற்றிலும் சுவர். சர்வே ஆஃப் இந்தியாவின் 57 ஓ/11 வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு என்று போடும் படத்தில் அந்தச் சுவர் கோடுகள் ஒட்டிப்போன ஒரு பட்டையாகத்தான் தெரிகிறது, ஆள் நுழைகிற அளவு இடுக்கு இருந்தால்கூட அதில் வராது. செயற்கைக்கோள் படம் இன்னும் மோசம், மேலிருந்து பார்த்தால் சுவர் வெறும் கோடு.

வழி கிடைத்தது ரயிலில். பெரம்பூரில் ஏறி அரக்கோணம், திருத்தணி தாண்டினால் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் மலை முகத்தை மாற்றிக்கொண்டே வரும். காலையில் போகும்போது ஒரே நிழல், ஒன்றும் புரியாது. சாயங்காலம் திரும்பும் வண்டியில்தான் வெயில் மேற்கு முகத்தில் சாய்ந்து விழுந்து ஒவ்வொரு பிளவும் கறுப்புக் கோடாகப் பிரிந்து தெரிகிறது. அதில் ஒன்று மட்டும் மேலேயிருந்து கீழே வரை பச்சையாக இருந்தது. செடி நிற்கிறதென்றால் மண் நிற்கிறது, மண் நிற்கிறதென்றால் அங்கே செங்குத்து இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ரயிலில் எடுத்த போட்டோவைக் காட்டி, "இதுல ஏற முடியுமா தாத்தா?" என்றேன். பாதி தெலுங்கு பாதி தமிழில், "ஆடு ஏறும்பா, நீ ஏறுவியா?" என்று திருப்பிக் கேட்டார். அப்புறம் அவரே இன்னொன்றும் சொன்னார், பையில் அரிவாள் இருந்தால் இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று. செம்மரக் காடுகள் உள்ள வட்டாரம் இது, அரிவாளோடு போனால் மரம் வெட்ட வந்தவன் என்று நினைத்துவிடுவார்கள். திருப்பதி பக்கத்துச் சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரலில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்களை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. வனத்துறை அனுமதிக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், நீங்களும் அது இல்லாமல் போகாதீர்கள்.

ஈச்சம்புதரைத் தாண்டுவதற்குள் கை கால் எல்லாம் கீறல். அதற்கு மேல் சுவரிலிருந்து உதிர்ந்த கற்கள் குவிந்து கிடக்கும் சரிவு, என்னைக் கேட்டால் இந்த மலையில் ஆபத்தான இடம் அதுதான், சுவர் இல்லை. பெட்டி பெட்டியாக உடைந்த கல், மிதித்தால் ஆடுகிறது, ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் ஏறி வந்தால் மேலே இருப்பவர் உருட்டிவிடும் கல் கீழே இருப்பவர் தலைக்குத்தான். பக்கவாட்டில் தள்ளித் தள்ளி ஏறுங்கள். பச்சைப் பிளவுக்குள் நுழைந்துவிட்டால் வேரைப் பிடிக்காமல் பாறையைப் பிடித்தே போகலாம், நல்ல பிடிமானம், நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு மட்டும் கையும் காலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

உச்சியில் பூண்டி ஏரி பளபளவென்று தெரிந்தது. கடல் தெரியவில்லை, புழுக்கத்தில் அந்தப் பக்கம் ஒரே வெள்ளை. மழைக்குப் பிறகு வந்தால் தெரியலாம், ஆனால் ஈரமான அந்தக் கல் சரிவில் நான் ஏற மாட்டேன்.

மேலே தண்ணீர் கிடையாது, சுமந்துதான் போக வேண்டும். இறங்க வேறு வழி தேடாமல் அதே பிளவில் இறங்குங்கள், இருட்டுவதற்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். திரும்பும் வண்டியில் திருப்பதிக் கூட்டம், மொட்டைத் தலைகளுக்கு நடுவில் உட்கார இடமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.