ஏ.சி.டி.எச். இறங்கியது, நொண்டல் நிற்கவில்லை

மாத்திரை தொடங்கிய ஆறாவது வாரம் ரத்தத்தில் ஏ.சி.டி.எச். (பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்) அளவு நன்றாகவே இறங்கி வந்தது. கால்நடை டாக்டரம்மா போனில் வாழ்த்துகூடச் சொன்னார். அன்று மாலை லாயத்தில் 22 வயதுக் கிழவன், என் குதிரை, சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து வைத்துக்கொண்டிருந்தான். ரிப்போர்ட்டில் நல்ல சேதி, குளம்பில் சூடு. இடையில் எது விட்டுப்போனது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நடந்தது இங்கிலாந்தில், சட்டமும் குதிரைப் பாஸ்போர்ட்டும் அந்த ஊர்க் கணக்கு. நோய் எல்லா ஊருக்கும் பொது.

லாயத்தில் எல்லாரும் ‘குஷிங்’ என்று சொல்வது பி.பி.ஐ.டி., வயதான குதிரைகளுக்கு வரும் பிட்யூட்டரி கோளாறு. மூளையின் ஹைபோதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கு, அதை அடக்கி வைக்கும் டோபமினைக் கொண்டுவரும் நரம்புகள் வயதில் பழுதாகின்றன. கடிவாளம் அறுந்த பிட்யூட்டரியின் நடுப்பகுதி பெருத்து ஏ.சி.டி.எச். போன்றவற்றைக் கொட்ட ஆரம்பிக்கிறது. 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது உண்டு. கோடையிலும் உதிராத சுருட்டை மயிரைப் பார்த்துத்தான் பலர் விழித்துக்கொள்கிறார்கள். அது கடைசிக் கட்டம். முதுகுச் சதை கரைவது, வயிறு தொங்குவது, தாடைக்கு அடியிலும் கால்களிலும் மட்டும் நீள மயிர் மிஞ்சி நிற்பது, குளம்பில் சீழ் திரும்பத் திரும்ப வருவது, சாணப் பரிசோதனையில் புழு முட்டை எண்ணிக்கை காரணமில்லாமல் ஏறுவது எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும்.

இன்சுலின் கோளாறு, அதாவது ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஏறுவது, வேறு சங்கதி. பி.பி.ஐ.டி. உள்ள குதிரைக்கு அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குளம்பைக் கெடுப்பது பெரும்பாலும் இன்சுலின்தான். பெர்கோலைடு மாத்திரை பிட்யூட்டரிக்கானது. இன்சுலினை அது சரிசெய்துவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது. முதல் ரத்தம் எடுக்கும் அன்றே இன்சுலினுக்கும் ஒரு குழாய் எடுக்கச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மூன்று மாதம் போனது.

முதல் ஏ.சி.டி.எச். பரிசோதனையே வீண். வெள்ளிக்கிழமை மதியம் ரத்தம் எடுத்து, காரின் பின் சீட்டில் வைத்து, இன்னும் நாலு லாயம் சுற்றிவிட்டு மாலையில் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிரித்தெடுக்க ஆளில்லை என்று திங்கள்வரை அப்படியே கிடந்தது. ஏ.சி.டி.எச். சீக்கிரம் சிதையும் புரதம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள பிளாஸ்டிக் குழாயில் எடுத்து, உடனே ஐஸ் பையோடு வைத்து, அதே நாளில் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காத ரத்தத்தை ஃப்ரீசரில் வைத்தாலும் கெட்டது. வந்த ரிப்போர்ட், ‘இயல்பு’. குதிரையைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் திங்கள் முதல் வியாழன் வரை காலை வேளையில் மட்டும் நேரம் வாங்குங்கள். ‘சென்ட்ரிஃப்யூஜ் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குப் போடுவீர்கள்’ என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. வண்டியில் ஏற்றி இறக்கிய குதிரைக்கு உடனே எடுக்கக் கூடாது. கடும் வலியில் நிற்கும்போது எடுத்தாலும் அளவு ஏறிக் காட்டும்.

இரண்டாவது ரத்தம் செப்டம்பரில். அங்கே இன்னொரு குழி. பகல் சுருங்கத் தொடங்கும்போது ஆரோக்கியமான குதிரைக்கும் ஏ.சி.டி.எச். ஏறும், வட பாதி உலகில் ஜூலை நடுவிலிருந்து நவம்பர் நடுவரை இந்த ஏற்றம். நோயுள்ள குதிரையில் அது பல மடங்கு எகிறும் என்பதால் இலையுதிர் காலம் பரிசோதனைக்கு நல்ல காலம்தான், ஆனால் அந்தக் காலத்துக்கான அளவோடு ஒப்பிட வேண்டும். வரவேற்பறையில் இருந்தவர் சுவரில் ஒட்டியிருந்த பழைய தாளில் வசந்தகால எண்ணைப் பார்த்து, ‘ரொம்ப ரொம்ப அதிகம்’ என்று போனிலேயே பயமுறுத்தினார். ஆய்வகம் தன் தாளில் போட்டிருக்கும் எல்லையைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள். ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு வைத்துப் பேசுவதும் வெட்டி வேலை, கருவி மாறினால் எண் மாறும். எல்லையோரம் விழுந்தால் பிட்யூட்டரியைத் தூண்டும் டி.ஆர்.எச். ஊசி போட்டு 10ஆவது நிமிடம் ரத்தம் எடுக்கும் சோதனை இருக்கிறது. அதை இலையுதிர் காலத்தில் செய்ய வேண்டாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

நோய் உறுதியானது. மருந்து? கிடைக்கவில்லை. காரணம், பாஸ்போர்ட்.

பிரிட்டனில் ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. அதில் ‘இது மனித உணவுக்கு அல்ல’ என்று உரிமையாளர் கையெழுத்திட வேண்டிய பகுதி ஒன்று. அது நிரப்பப்படாவிட்டால் குதிரையை இறைச்சிக்குப் போகக்கூடிய விலங்காகத்தான் சட்டம் பார்க்கும். பெர்கோலைடும் சரி, வலிக்குத் தரும் பியூட்டும் சரி, எழுதித் தர முடியாது. இவனை வாங்கியபோது முந்தைய உரிமையாளர் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார், நானும் புரட்டிப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் லாய நிர்வாகியின் பூட்டிய அலமாரியில். நிர்வாகி விடுமுறையில். போக வர 40 மைல், இரண்டு தடவை. இன்றே எடுத்துப் பாருங்கள், அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். ஆனால் கையெழுத்துப் போட்டபின் மாற்ற முடியாது, அதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

மருந்தை கிளினிக்கிலேயே வாங்காமல் ஆன்லைன் மருந்துக்கடையில் வாங்க எழுத்து மருந்துச்சீட்டு கேட்டு வாங்கலாம், அதற்குத் தனிக் கட்டணம். சீட்டு அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும். கடைசி அட்டையை உரிக்கும்போது சீட்டு காலாவதி என்று தெரிந்தால் வயிற்றைப் பிசையும். மூன்று வாரம் முன்பே கேலண்டரில் குறித்து வையுங்கள்.

அளவு விஷயத்தில், நெஞ்சைச் சுற்றிப் பிடித்தால் எடை காட்டும் எடை நாடா ஏமாற்றியது. மாத்திரை 1 மில்லிகிராம். தொடக்க அளவு கிலோவுக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம். லேபிள் அட்டவணைப்படி 200 முதல் 400 கிலோ வரை தினம் அரை மாத்திரை, 401 முதல் 600 வரை ஒன்று. கடையில் இலவசமாகத் தந்த நாடா 390 என்றது. அரை மாத்திரை என்று முடிவானது. சந்தேகத்தில் சாதாரண அளவு நாடாவால் அளந்தேன்: நெஞ்சுச் சுற்றளவு 178 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் 158 செ.மீ. சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் 421 கிலோ. பிறகு எடைமேடையில் ஏற்றியபோது 424. நாடா சொன்னதை நம்பியிருந்தால் பாதி அளவு மருந்தோடு ஒன்றரை மாதம் ஓடியிருக்கும்.

முழு அளவை முதல் நாளே கொடுத்ததும் பிழைதான். மூன்றாம் நாள் தீவனத் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். பசியின்மையும் மந்தமும் இந்த மருந்தில் வழக்கம். கிழட்டு மட்டக்குதிரைக்கு ஓரிரு நாள் பட்டினியே ஆபத்து: உடல் கொழுப்பு ரத்தத்தில் வெள்ளமாக இறங்கி ஈரலை அடைத்துவிடும். டாக்டரம்மா சொன்னபடி பாதிக்கு இறக்கி, பசி திரும்பியபின் இரண்டு வாரம் கழித்து முழு மாத்திரைக்கு ஏற்றினோம். மாத்திரையைக் காய்ந்தபடி பொடிக்க வேண்டாம். தூசு கண்ணில் பட்டால் எரியும், மூக்கில் ஏறினால் தலைவலி. கர்ப்பிணிகள் கையுறையில்லாமல் தொடக் கூடாது. கொஞ்சம் தண்ணீரில் கரைத்து சிரிஞ்சால் வாய்க்குள் விடலாம், கரைத்ததை அப்போதே கொடுத்துவிட வேண்டும். வெல்லப்பாகில் கலந்து கொடுக்கலாம் என்று தாளில் போட்டிருக்கிறது. இன்சுலின் நோயாளிக்கு வெல்லப்பாகு! ஒரு விரல் நீளக் கேரட்டில் துளையிட்டு மாத்திரையைச் செருகினால் போதும். தொட்டியில் தூவினால் தீவனத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் அடியில் விட்டுவைப்பான்.

இவ்வளவுக்கும் பிறகுதான் அந்த வாழ்த்து போனும், அந்த நொண்டலும். மறுநாள் முன்னங்கால் கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி தேடாமலே தட்டியது. குளம்பழற்சி, லேமினைட்டிஸ். நடத்திப் பார்க்கிறேன் என்று வட்டம் சுற்ற விடாதீர்கள். புல்லிலிருந்து உடனே எடுத்து, தரையில் மரச்சீவலை அரை முழம் ஆழம் ஓரம்வரை நிரப்பி, குளம்பு முதல் முழங்கால் நோக்கி எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு ஐஸ் தண்ணீரில் வைத்தோம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கும் எலும்பு லேசாகச் சாய்ந்திருந்தது. படத்தை லாடக்காரரின் கையிலேயே கொடுங்கள், வாய்வழிச் செய்தி வேண்டாம். குளம்பின் முன்முனையைப் பின்னுக்குக் குறைப்பதும், நாலைந்து வாரத்துக்கொரு முறை விடாமல் சீவுவதும் அவர் வேலை. எட்டு வாரம் தள்ளிப்போட்டால் அதுவரை வளர்ந்த முனையே நெம்புகோலாகிவிடும்.

இப்போது இன்சுலின். பட்டினி போடாமல், புல்லோ உலர்புல்லோ மட்டும் தின்னும்போது எடுத்த அடிப்படை அளவே தெளிவாக அதிகம். அப்படியிருந்தால் சர்க்கரைப்பாகு கொடுத்து இன்சுலின் பார்க்கும் சோதனை வேண்டாம். வலியில் நிற்கும் குதிரைக்குப் பாகு ஊற்றுவது வம்பு. எங்களுக்கு ஐந்து மாதம் கழித்து, கால் தேறியபின், உணவு பலித்ததா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. கிலோவுக்கு 0.45 மி.லி. சோளப்பாகு, இவனுக்கு 190 மி.லி. 60 மி.லி. சிரிஞ்சு மூன்று நிறைந்து கொஞ்சம் மிஞ்சும். குறுகிய மூக்குள்ள சிரிஞ்சில் பாகு ஏறவே ஏறாது, அகன்ற மூக்குள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 60 முதல் 90 நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். டாக்டர் இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தால் அந்தப் பாகு விரயம். பயப்படும் குதிரைக்கு மயக்க ஊசி போட்டுவிட்டு எடுக்கலாமா என்றார்கள். கூடாது, அந்த ஊசிகள் இன்சுலினைத் தாழ்த்திக் காட்டும்.

உணவில்தான் சண்டை அதிகம். விலா எலும்பு தெரியும் கிழவனைப் பார்த்து ‘பாவம், நல்ல மாஷ் (தானியக் கூழ்) கொடுங்கள்’ என்று லாயத்தில் ஆளுக்கொரு வாளி நீட்டினார்கள். முதுகு ஒட்டியிருக்கும், பிடரிக்கு அடியில் மட்டும் கொழுப்பு கட்டியாக நிற்கும். அந்தப் பிடரிதான் இன்சுலின் நிலவரத்தைச் சொல்லும். ஊரில் குதிரை வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: கொள்ளு, தவிடு, ஒரு துண்டு வெல்லம் என்ற பழைய முறை உழைக்கும் இளங்குதிரைக்கு, கொள்ளில் பாதிக்குமேல் கார்போஹைட்ரேட். இந்த நோயாளிக்கு அது எதுவும் ஆகாது. சதைக்குத் தேவை புரதம்: கொஞ்சம் சோயா புண்ணாக்கு, தாது-வைட்டமின் கலவை, வெல்லப்பாகு சேர்க்காத சுகர் பீட் (சர்க்கரை எடுக்கும் கிழங்கு) சக்கை ஊறவைத்தது. பல் தேய்ந்து உலர்புல்லை உருட்டித் துப்பும் குதிரைக்குச் சக்கை கைகொடுக்கும்.

உலர்புல்லைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மங்கி வெளுத்த கட்டில் சர்க்கரை எகிறி நிற்கலாம், பச்சை வாசனைக் கட்டு தேவலையாக இருக்கலாம். பல கட்டுகளின் நடுவிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பி, சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குக் கீழா என்று பாருங்கள். சோதனை இல்லாதபோது ஊறவைத்துக் கொடுங்கள்: தண்ணீரில் முழுக்க மூழ்கடித்து ஒரு மணி நேரம், தண்ணீரை வடித்துக் கொட்டி, அன்றே தீர்த்துவிட வேண்டும். வெயில் நாளில் இரவெல்லாம் ஊறியது புளித்துப்போகும். எடை போடுவது ஊறவைக்கும் முன். உடல் எடையில் 1.5 சதவீதம், இவனுக்கு 6.3 கிலோ, ஊறலில் கரைந்துபோவதை ஈடுகட்ட 7 கிலோவுக்கு மேல் வலையில் போட்டோம். ஒல்லியாக்குகிறேன் என்று இதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஊறலில் தாதுவும் போவதால் தாதுக் கலவையை நிறுத்தக் கூடாது. மேய்ச்சல் இல்லை. உறைபனி விழுந்து பளிச்சென்று வெயிலடிக்கும் காலைதான் மிக மோசம். புல் வளராமல் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவுக்கும் இன்சுலின் பிடிவாதம் பிடித்தால், மனிதர்களின் சர்க்கரை மாத்திரையான எர்டுகிளிஃபுளோசின் போன்றவற்றை டாக்டர் தன் பொறுப்பில் தருவதுண்டு. எங்களுக்கு இரண்டு மாதம் தந்தார். வேகமாகக் கேட்டது. தண்ணீர் வாளி இரட்டிப்பாகக் காலியானது, படுக்கை நனைந்து தள்ளியது. அதில் ரத்தக் கொழுப்பு ஏறும், ஆகவே தொடங்கும் முன்பும் இடையிலும் ட்ரைகிளிசரைடு, ஈரல் பரிசோதனை. பசி குறைந்தால் அன்றே போன்.

மயிர் கத்தரிப்பு, பல் ராவுதல், புழு எண்ணிக்கை வழக்கம்போல் நடக்கின்றன. ஜூன் கடைசியில் ஒரு ஏ.சி.டி.எச்., இலையுதிர் ஏற்றத்துக்கு முன் அளவைக் கூட்டுவதா என்று பார்க்க. போன வருஷம் கால் மாத்திரை கூட்ட வேண்டிவந்தது. குறுக்குக் கோடு அரைக்குத்தான், கால் மாத்திரை கத்தியில் நொறுங்குகிறது, ஆகையால் ஒருநாள் ஒன்று, மறுநாள் ஒன்றரை.

லாயக் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. ஒரு விடுமுறை நாளில் தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட வேறொரு டாக்டர் சிரிஞ்சை நிரப்பிவிட்ட பிறகு எழுதியது. இன்சுலின் கோளாறுள்ள குதிரைக்கு அது குளம்பழற்சியைக் கிளப்பிவிடலாம். அட்டையில் மூன்றே வரி: ‘ஸ்டீராய்டு வேண்டாம். கைத்தீனி வேண்டாம். காலை மாத்திரை கேரட்டில், விழுங்கும்வரை நின்று பார்க்கவும்.’