ஓப்பன் ஆஃபிஸா, லிப்ரே ஆஃபிஸா?

இலவச ஆஃபிஸ் மென்பொருள் தேடி வருகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் பார்த்துக் குழம்புகிறார்கள். அது அவர்கள் தப்பே இல்லை.

ஸ்டார் ஆஃபிஸ் என்ற ஜெர்மன் மென்பொருளை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் வாங்கி, அடுத்த வருடமே அதன் மூலநிரலை (மென்பொருளை உருவாக்கும் நிரல் வரிகளை) யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஆஃபிஸ். 2010-இல் சன்னையே ஆரக்கிள் என்ற இன்னொரு மென்பொருள் நிறுவனம் வாங்கியதும், இனி என்ன ஆகுமோ என்று கவலைப்பட்ட பங்களிப்பாளர்கள் பலர் அந்த செப்டம்பரிலேயே தனி அமைப்பு தொடங்கி, நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நிரலை எடுக்கலாம், பெயரை எடுக்க முடியாதே! அதனால்தான் லிப்ரே ஆஃபிஸ். 2011-இல் ஆரக்கிள் ஓப்பன் ஆஃபிஸ் என்ற பழைய பெயரையும் நிரலையும் அப்பாச்சி என்ற திறந்த மூலநிரல் அமைப்பிடம் கொடுத்துவிட்டது. ஆக, ஊரறிந்த பெயர் ஓரிடம், வேலை செய்யும் கைகள் வேறிடம்.

இதில் அடிபடுவது புதியவர்கள்தான். ஓப்பன் ஆஃபிஸ் 4.1 வந்தது 2014-இல், அதன் பிறகு பெரும்பாலும் சிறு திருத்தங்கள்தான். வேலைக்கு அனுப்ப பயோடேட்டா அடிக்கிறவர் மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பை அதில் திறக்கலாம், திருத்தலாம், ஆனால் சேமிக்கப் போனால் அந்த வடிவமே பட்டியலில் இருக்காது. லிப்ரேயில் இருக்கும். லிப்ரேயில் உள்ள அந்த வசதியின் நிரலை அப்படியே ஓப்பன் ஆஃபிஸுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை, ஏனென்றால் உரிமம் ஒருவழிப் பாதை: அப்பாச்சி நிரலை லிப்ரே எடுத்துக்கொள்ளலாம், திரும்ப அந்தப் பக்கம் போகாது.

பழைய பெயரை வைத்திருப்பவர்கள் பதிவிறக்கப் பக்கத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சரி, இப்போதைக்கு லிப்ரேயையே நிறுவுங்கள். ஓப்பன் ஆஃபிஸில் சேமித்த பழைய ஓடிடி (.odt) கோப்புகள் அதிலேயே திறக்கும்.