மண்டபத்தில் இடித்த கறித்தூள்

2006-ல் இலங்கையில் மன்னார் பக்கத்துப் பேசாலையிலிருந்து ஐந்து பேராகப் படகேறினோம். நான், வீட்டுக்காரர், மாமி, இரண்டு பிள்ளைகள். உடுப்பைத் தவிர வீட்டிலிருந்து எங்களோடு வந்தது ஒரு போத்தல் கறித்தூள், அதுவும் மாமி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததால். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். அங்கேயும் தமிழ், இங்கேயும் தமிழ், அதே மீன், அதே பனை, சமையலில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் அகதி முகாமில் அறை கிடைத்து முதல் தடவை கடைக்குப் போன அன்றே அந்த நினைப்பு போய்விட்டது.

"பருப்பு அரைக் கிலோ" என்று கேட்டேன், கடை அண்ணாச்சி துவரம்பருப்பைக் கட்டித் தந்தார். எங்கள் ஊரில் பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு, இருபது நிமிடத்தில் கரைந்துவிடும், தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் கறி முடிந்தது. அந்த நினைப்பிலேயே துவரம்பருப்பை அடிபம்புத் தண்ணீரில் போட்டு, கருவேல விறகில் இரண்டு மணி நேரம் எரித்தேன். வேகவே இல்லை. பிள்ளைகள் வெறும் சோற்றில் சம்பல் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள், அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் பக்கத்து அறை அக்கா, 1990-ல் வந்தவர், சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இந்த உப்புத் தண்ணியில துவரை வேகாது. ராத்திரியே ஊறவை, குடிக்கிற தண்ணியில போடு." இந்தக் கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பும் கடினமும்தான், அதில் பருப்பு இளகாமல் இறுகியே நிற்கும். குடிதண்ணீரோ குடம் குடமாகத் தூக்கி வருவது. அதனால் பருப்பு வைக்கும் நாளில் ஒரு குடம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் இங்கே நான் படித்த முதல் கணக்கு.

சொற்கள் அடுத்த கஷ்டம். செத்தல் மிளகாய் இங்கே வத்தல், உள்ளி பூண்டு, பெருஞ்சீரகம் சோம்பு, கச்சான் கடலை. பூசணிக்காய் கேட்டால் நீத்துப்பூசணியை நீட்டினார்கள், எங்கள் பூசணிக்கு இங்கே பரங்கி என்று பெயர். சுண்டுக் கணக்கில் அரிசி அளந்த கைக்கு உழக்கும் படியும் பழக ஒரு மாதம் ஆனது. மீன் கடையில் சீலா என்று கூவினார்கள், போய்ப் பார்த்தால் அது எங்கள் அறக்குளா. எங்களுக்குச் சீலா என்பது வேறு மீன். ஆனால் திருக்கையும் கணவாயும் நண்டும் அதே பெயரில் கிடந்தன, அதைப் பார்த்ததும் மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

போத்தலில் இருந்த கறித்தூளைத் திருக்கைக் கறிக்கு மட்டும் என்று கரண்டி எண்ணிப் போட்டேன். மூன்று மாதம் வந்தது. அப்புறம் கடைத் தூள் வாங்கிப் பார்த்தேன். மிளகாய்த்தூள் தனி, மல்லித்தூள் தனி, சாம்பார்ப் பொடி தனி, எதைக் கலந்தாலும் எங்கள் கறியின் நிறமும் மணமும் வரவில்லை. மூத்தவன், அப்போது ஏழு வயது, தட்டைத் தள்ளிவிட்டு "இது வீட்டுக் கறி இல்லை" என்றான். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரருக்குப் பெயின்ட் வேலைச் சம்பளம் வந்ததும், மண்ணெண்ணெய்க்கு ஒதுக்குகிற காசை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன்.

அங்கேதான் குண்டு வத்தலைப் பார்த்தேன். முண்டு மிளகாய் என்றும் சொல்வார்கள், 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு, கருஞ்சிவப்பாக இருக்கும். எங்கள் செத்தல் நீளம், இதை வாங்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது, காசு வீணாகிவிட்டால் அந்த வாரம் விறகு பொறுக்கித்தான் ஆக வேண்டும். கடையில் இருந்த வயதான அம்மா ஒரு வத்தலைக் கிள்ளி என் உள்ளங்கையில் தேய்த்து, "நிறத்தைப் பாரு தாயி, காரம் பின்னால வரும்" என்றார். அரைக் கிலோ வாங்கினேன். மல்லி அரைக் கிலோ, சோம்பு 100 கிராம், மிளகும் சீரகமும் 50 கிராம் வீதம், வெந்தயம் 25, மஞ்சள் இரண்டு துண்டு, கறிவேப்பிலை ஒரு கட்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கறுக்கக் கறுக்க, ஆனால் கருகாமல் வறுக்க வேண்டும், வெந்தயம் ஒரு நிமிடம் கூடினாலும் கசந்துவிடும். மாமி பக்கத்தில் உட்கார்ந்து மணத்தை வைத்தே "இறக்கு, இறக்கு" என்று சொன்னார். மில்லுக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லை, முதல் தடவை அக்காவின் உரலில் நாங்கள் இருவரும் மாறி மாறி இடித்தோம். அந்தத் தூளில் வைத்த கணவாய்க் கறி ஊர்க் கறியை விடச் சிவப்பாக இருந்தது, உறைப்பு கொஞ்சம் தாமதமாக நாக்கில் ஏறியது. மூத்தவன் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவை சோறு கேட்டான். இன்றுவரை அதே அளவுதான், வேறு வத்தல் வாங்குவதில்லை.

தேங்காய் விஷயத்தில் கை சுருக்கக் கற்றுக்கொண்டேன். ஊரில் ஒரு நேரத்துக்கு ஒரு முழுத் தேங்காய், முதற்பால் இரண்டாம் பால் என்று தாராளமாகப் பிழிவோம். இங்கே அரைமூடியை அரைத்துவிட்டே ஒரு குழம்பு முடிகிறது. அக்காவிடம் அந்தக் கருவாட்டுக் குழம்பைப் படித்தேன், கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு, புளி கூட்டி. உண்மையைச் சொன்னால் கருவாட்டுக்குப் பாலை விட இதுதான் பொருந்துகிறது. ஆனால் சொதிக்குப் பால்தான், அதில் மாற்றமில்லை. பிட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி, நீத்துப்பெட்டி, எங்கும் கிடைக்கவில்லை, மாமி பனையோலை வாங்கித் தானே பின்னிக்கொண்டார். பங்குனி வெயிலுக்கு முன்னால் பனங்கிழங்கு மலிவாக வரும்போது வாங்கிக் கிழித்துக் காயவைத்து ஒடியலும் செய்வார். அதை இடித்த மாவில் நண்டு, மீன்தலை, இறால் எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சினால் எங்கள் வரிசையே வாசலில் கூடிவிடும்.

ஒரு நாள் கீழக்கரைக்கு வேலைக்குப் போன வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் தொதல், எங்கள் ஊர் இனிப்பு. அதே கறுப்பு, அதே எண்ணெய்ப் பளபளப்பு, பெயரும் அதே பெயர். மாமி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் சாப்பிடாமலே இருந்தார். மாமி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது, கீழக்கரை பஸ்ஸைப் பார்த்தால் அந்தக் கை ஞாபகம் வரும்.

இப்போது என் வாரம் கடலைப் பார்த்து ஓடுகிறது. விசைப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனியில் போய் மறுநாள் வரும், அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் மீன் மலிவு. ஞாயிறு மீன் பெரிதாக வாங்கி, பாதியைப் பொரித்து வைப்பேன். புதன், வெள்ளி மரக்கறி. இட்லி மாவு திங்களன்று அரைத்தால் மூன்று நாள் காலைக்கு வருகிறது, இங்கே பிறந்த சின்னவளுக்குப் பிட்டை விட இட்லிதான் பிடிக்கும், அது அவளுடைய ஊர்ச் சாப்பாடு, அதில் எனக்கு வருத்தமில்லை. ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாங்கள் வந்தபோது 45 நாளாக இருந்தது, 2017-இலிருந்து 61 நாள். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலை கைக்கு எட்டாது, அதனால் மார்ச்சிலேயே நெத்திலியும் சூடையும் வாங்கிக் காயவைத்துவிடுவேன். 2021-ல் அரசு தரும் மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று கூட்டினார்கள், கேஸ் இணைப்பும் வந்தது. துவரம்பருப்பு இப்போது குக்கரில் ஆறு விசிலில் வெந்துவிடுகிறது, குடிதண்ணீரில்தான்.

2022-ல் ஊரில் கேஸும் பால்மாவும் இல்லாமல் புதிதாகச் சில குடும்பங்கள் வந்தன. மன்னார்ப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு, கடையில் நின்று "பருப்பு அரைக் கிலோ" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "அண்ணாச்சி, அவளுக்கு மைசூர்ப் பருப்பு குடுங்க" என்றேன். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு போத்தல் நிறையக் கறித்தூளைக் கட்டிக் கொடுத்தேன்.